சுவாசப்பையின் ஓரத்திலுள்ள சிறு கட்டியிலிருந்து இழையம் எடுத்தல்: பிரொங்கோஸ்கோப்பிக்குப் புதியவர்களுக்கான வழிகாட்டி

யாழ்ப்பாணத்திலோ வடக்கின் வேறு வைத்தியசாலைகளிலோ நெஞ்சுநோய்ப் பிரிவில் பயிற்சிக்குச் சேரும் இளம் வைத்தியர்களையும், பிரொங்கோஸ்கோப்பி (கமரா பொருத்திய மெல்லிய குழாயைச் சுவாசக்குழாய்க்குள் விட்டுப் பார்க்கும் பரிசோதனை) அறையில் முதன்முதலாகப் பணியேற்கும் தாதிய உத்தியோகத்தர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். பெரிய சுவாசக்குழாய்க்குள் கண்ணுக்கு நேரே தெரியும் கட்டியில் ஒரு துண்டு எடுப்பதைச் சில மாதங்களில் பழகிவிடலாம். சுவாசப்பையின் வெளிப்புறத்தில், கமராவின் பார்வைக்கு ஒருபோதும் வராத இடத்தில் இருக்கும் ஒன்றரைச் சென்ரிமீற்றர் கட்டியில் எடுப்பது அப்படிப்பட்ட வேலை இல்லை. அமெரிக்க நெஞ்சு மருத்துவர் கல்லூரி 2013 இல் வெளியிட்ட வழிகாட்டலில் தொகுத்த ஆய்வுகளின்படி, வழமையான பிரொங்கோஸ்கோப்பி 2 செ.மீ. இலும் பெரிய ஓரப் புற்றுக்கட்டிகளில் 63 வீதமானவற்றைக் கண்டுபிடித்தது, 2 செ.மீ. இலும் சிறியவற்றில் அது 34 வீதமாக இறங்கியது. மூன்று நோயாளிகளில் இருவர் தொண்டை நோக, பதிலின்றி வீடு திரும்பியிருக்கிறார்கள் என்பதே அதன் பொருள்.

இந்த எண்ணை உயர்த்துவதற்கு விலையுயர்ந்த இயந்திரம் வேண்டும் என்ற எண்ணம் புதியவர்களிடம் விரைவில் ஏற்பட்டுவிடுகிறது. இயந்திரங்கள் உதவுகின்றன என்பதை மறுக்கவில்லை. ஆனால் எந்தக் கிளைக்குள் போக வேண்டும் என்பது முன்கூட்டியே தெரிந்திருந்ததா, போகும் நேரத்தில் சுவாசப்பை விரிந்த நிலையில் இருந்ததா, கருவி கட்டிக்குள் நிற்கிறதா பக்கத்தில் நிற்கிறதா என்று உறுதிசெய்தோமா, எடுத்த துண்டு பழுதில்லாமல் ஆய்வுகூடம் போனதா என்ற கேள்விகளே முடிவின் பெரும்பகுதியைத் தீர்மானிக்கின்றன. இவற்றில் பலவற்றுக்குப் பணம் தேவையில்லை. கீழுள்ள ஒழுங்கும் அதைப் பின்பற்றியே அமைந்திருக்கிறது. மருந்தளவுகளையும் செய்முறைகளையும் உங்கள் வைத்திய நிபுணரின் மேற்பார்வையில், உங்கள் பிரிவின் நடைமுறைக்கேற்பவே கையாள வேண்டும்.

பிரொங்கோஸ்கோப்தான் வேண்டுமா?

படிவத்தில் எழுதப்பட்டு நோயாளியும் வந்து சேர்ந்துவிட்டார் என்பதற்காக வேலையைத் தொடங்க வேண்டியதில்லை. முதலில் பழைய படங்களைக் கேளுங்கள். எங்கள் ஊரவர்கள் பத்து வருடத்துக்கு முந்திய எக்ஸ்றேயையும் ஷொப்பிங் பையில் சுற்றி அலுமாரிக்குள் வைத்திருப்பவர்கள். கேட்டால் கொண்டுவருவார்கள், கேட்காவிட்டால் அது அங்கேயே கிடக்கும். திண்மமான சிறு கட்டியொன்று இரண்டு வருடங்களாக அளவில் மாறாமல் இருக்கிறதென்றால், அதைக் கிளறவே தேவையில்லாமல் போகலாம். மங்கிய கண்ணாடி போலத் தெரியும் நிழல்களுக்கு இந்த விதி பொருந்தாது. அவை மிக மெதுவாக வளர்வதால் நீண்ட காலம் பார்க்க வேண்டும்.

அடுத்ததாக, காசநோய்க்கான சளிப் பரிசோதனையும் ஜீன்எக்ஸ்பேர்ட் பரிசோதனையும் செய்யப்பட்டனவா என்று பாருங்கள். மேற்சோணையில் (சுவாசப்பையின் மேற்பிரிவில்) உள்ள நிழலுக்குச் சளியிலேயே விடை கிடைத்தால் நோயாளிக்கு ஒரு குழாய் மிச்சம். போர்க்காலத்தில் காயப்பட்டவரா என்றும் கேட்க வேண்டும். உடலுக்குள் எறிகணை (செல்) துண்டுகளோடு வாழ்பவர்கள் வடக்கில் பலர் இருக்கிறார்கள். சாதாரண எக்ஸ்றேயில் அது ஒரு சிறு கட்டி போலத் தெரியக்கூடும். சீ.ரி. ஸ்கானில் உலோகம் மிக வெண்மையாகவும், சுற்றிலும் கதிர்க் கோடுகளோடும் தெரிவதால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

பிறகு கழுத்தைத் தொட்டுப் பாருங்கள். காறை எலும்புக்கு மேலே கையில் அகப்படும் ஒரு நிணநீர்க்கணுவில் ஊசி போட்டு எடுப்பது, சுவாசப்பை ஓரத்துக்குப் போவதிலும் எளிது. புற்றுநோய் என்றால் அது எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதையும் அதே ஊசி சொல்லிவிடும். நெஞ்சின் நடுப்பகுதியிலுள்ள கணுக்கள் வீங்கியிருந்தாலும், நெஞ்சறையில் நீர் தேங்கியிருந்தாலும் இதே நியாயம்தான். நோய் அதிக தூரம் பரவியிருப்பதைக் காட்டக்கூடிய இடத்திலிருந்து முதலில் இழையம் எடுக்க வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு ஓரக் கட்டி ஒன்று மட்டுமே எஞ்சியிருந்தால், மூன்று வழிகள் உள்ளன: வெளியிலிருந்து சீ.ரி. பார்த்தபடி ஊசி, உள்ளிருந்து பிரொங்கோஸ்கோப், அல்லது நேரடியாகச் சத்திரசிகிச்சை. நெஞ்சுச்சுவரை ஒட்டியிருக்கும், எந்தச் சுவாசக்குழாயும் எட்டாத கட்டிக்கு வெளியூசியே பொருத்தமானது. புற்றுநோய்க்கான வாய்ப்பு மிக அதிகமாகவும் நோயாளி சத்திரசிகிச்சையைத் தாங்கக்கூடியவராகவும் இருந்தால், இடைப் பரிசோதனையே இல்லாமல் அகற்றிவிடுவது பற்றி எல்லோரும் கூடிக் கதைக்க வேண்டும். 2025 இல் வெளியான வெரிடாஸ் என்ற ஒப்பீட்டு ஆய்வு 10 முதல் 30 மி.மீ. வரையான கட்டிகளை எடுத்துக்கொண்டது. கணினி வழிகாட்டலோடு செய்த பிரொங்கோஸ்கோப்பி 79 வீதத்திலும், வெளியூசி 73.6 வீதத்திலும் சரியான விடையைத் தந்தன. நெஞ்சறைக்குள் காற்றுக் கசிந்தவர்களோ முறையே 3.3 வீதமும் 28.3 வீதமும். விடையில் பெரிய வேறுபாடில்லை, ஆபத்தில் இருக்கிறது. நீண்டகாலம் சுருட்டுப் புகைத்துச் சுவாசப்பை உப்பிப்போன ஒருவரை நோக்கும்போது இந்த வேறுபாட்டை மறக்கலாகாது.

ஸ்கானை வாசித்தல்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் வாசிக்க உங்களுக்கு நேரம் இருக்குமானால், இதை வாசியுங்கள்.

பிலிமில் அச்சிட்ட சீ.ரி. இங்கே உதவாது. இறுவட்டிலோ வைத்தியசாலைக் கணினியிலோ உள்ள முழுப் படத்தொகுதி வேண்டும். அதுவும் 1 மி.மீ. அல்லது அதற்கும் குறைந்த தடிப்புள்ள வெட்டுகளாக இருக்க வேண்டும். 5 மி.மீ. வெட்டுகளில் நீங்கள் தேடும் சுவாசக்குழாய் இரண்டு வெட்டுகளுக்கிடையே மறைந்துவிடும். ஸ்கான் எடுத்துப் பல வாரங்கள் கடந்திருந்தால் கதிரியக்க நிபுணரோடு பேசி மீண்டும் எடுப்பது பற்றி யோசியுங்கள். காத்திருந்த காலத்தில் சிறிதாகிப்போன அழற்சி நிழல்களும் உண்டு.

முதலில் தேட வேண்டியது, ஒரு சுவாசக்குழாய் நேராகக் கட்டிக்குள் நுழைகிறதா என்பதைத்தான். இதைச் சுவாசக்குழாய் அடையாளம் என்று குறிப்பிடுவோம். 2010 இல் வெளியான ஓர் ஆய்வில், மின்காந்த வழிகாட்டலை (கருவியின் முனை நிற்கும் இடத்தை மின்காந்தப் புலத்தால் அறிந்து கணினி வரைபடத்தில் காட்டும் முறை) பாவித்துச் செய்தபோதும்கூட, இந்த அடையாளம் இருந்த கட்டிகளில் 79 வீதத்திலும் இல்லாதவற்றில் 31 வீதத்திலும்தான் விடை கிடைத்தது. வழி இருந்தால் வழிகாட்டி பயன்படும். வழி இல்லாத இடத்தில் எவ்வளவு நல்ல வழிகாட்டியும் திணறும்.

அடுத்து, கட்டியிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி வாருங்கள். ஒவ்வொரு வெட்டாக நகர்த்தி, கட்டிக்குள் போகும் குழாயைப் பிடித்து, அது எந்தக் கிளையோடு சேர்கிறது, அந்தக் கிளை எதோடு சேர்கிறது என்று பிரதான சுவாசக்குழாய் வரை எழுதிக்கொண்டே வர வேண்டும். குழாய் மெலிந்து கண்ணுக்குப் படாமல் போகும் இடத்தில் அதனோடு கூடவே ஓடும் சுவாசப்பை நாடியைப் பின்தொடரலாம். நாளத்தைப் பின்தொடர்ந்தால் வேறெங்கோ போய்விடுவீர்கள்; ஏனென்றால் நாளங்கள் துண்டங்களுக்கு (ஒவ்வொரு சோணையின் உட்பிரிவுகளுக்கு) இடையே ஓடுபவை. பின்பு அதே பாதையை முன்னோக்கி ஒருமுறை நடந்து பாருங்கள். நல்லூரில் வீட்டு இலக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒழுங்கைகளுக்குள் சுற்றுபவருக்கும், இரண்டாவது சந்தியில் இடப்பக்கம், கிணற்றடிக்குப் பிறகு மூன்றாவது படலை என்று தெரிந்து போகிறவருக்கும் உள்ள வேறுபாடே இங்கும்.

ஓர் எடுத்துக்காட்டு. வலது மேற்சோணையின் வெளிப்புறத்தில் 16 மி.மீ. கட்டி ஒன்று இருக்கிறது. அறிக்கையில் "வலது மேற்சோணை" என்று மட்டும் இருக்கும். அந்த இடத்துக்குப் பின்துண்டத்தின் வெளிக்கிளையும் வரலாம், முன்துண்டத்தின் வெளிக்கிளையும் வரலாம். பிரொங்கோஸ்கோப் எழுத்து வழக்கில் ஒன்று பி2பி, மற்றது பி3ஏ. இரண்டும் அடுத்தடுத்த பகுதிகளுக்குப் போகின்றன. புளோரோஸ்கோப்பி (அசைவை உடனுக்குடன் காட்டும் எக்ஸ்றே) திரையில் முன்னிருந்து பார்க்கும்போது இரண்டிலும் கருவி கட்டியின் மேல் நிற்பதுபோலவே தெரியும். தவறான கிளையில் நின்று எட்டுத் துண்டு எடுத்தாலும் எட்டும் சாதாரண சுவாசப்பை இழையமாகவே வரும். மேசையில் இருந்து கிளை கிளையாக வரைந்திருந்தால் இந்தக் குழப்பம் அறைக்குள் வந்திருக்காது.

வரையும்போது ஒன்றைக் கவனியுங்கள். சீ.ரி. வெட்டு நோயாளியின் காற்பக்கமிருந்து பார்ப்பது. நீங்கள் தலைமாட்டில் நின்று கீழ்நோக்கிப் பார்க்கிறீர்கள். ஆகவே கீழ்ச்சோணைக்குப் போகும்போது ஸ்கானை இடவலமாகப் புரட்டிப் போட்டால்தான் திரையில் காண்பதோடு பொருந்தும். மேற்சோணையில் கருவி மேல்நோக்கிப் போவதால் புரட்டத் தேவையில்லை; துண்டங்களின் வாய்கள் திரையில் தெரியும் ஒழுங்கோடு பொருந்தும்வரை படத்தைச் சுழற்றினால் போதும். கையால் வரைந்த படத்தைத் திரைக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். கிளைகளுக்கு இலக்கமிட்டு, ஒவ்வொரு பிரிவிலும் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று அம்புக்குறி போட்டால் உதவிக்கு நிற்கும் தாதியும் சேர்ந்து வழி பார்ப்பார்.

நோயாளியைத் தயார்படுத்தல்

ஆறு மணித்தியாலம் திண்ம உணவின்றியும் இரண்டு மணித்தியாலம் தண்ணீரின்றியும் இருப்பது பொதுவான நடைமுறை. குருதி உறைவதைத் தடுக்கும் குளோபிடோகிறெல் பாவிப்பவரானால், இதய வைத்திய நிபுணரின் சம்மதத்தோடு 5 முதல் 7 நாட்களுக்கு முன் நிறுத்த வேண்டும். அஸ்பிரினைப் பெரும்பாலும் தொடரலாம். வார்பரின் எடுப்பவருக்கும் குருதிச் சிறுதட்டுகள் குறைந்தவருக்கும் அன்று காலையில் பதறாமல், நாள் குறிக்கும்போதே பரிசோதனை எழுதுங்கள். மருந்துப் பெயர் தெரியாதவர்கள் அட்டையைக் கொண்டுவர வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.

தொண்டையையும் சுவாசக்குழாயையும் மரக்கச்செய்யும் லிக்னோகெயின் மருந்தின் கணக்கைத் துண்டில் எழுதிச் சுவரில் ஒட்டுவது நல்லது. பிரித்தானிய நெஞ்சுநோய்ச் சங்கத்தின் 2001 வழிகாட்டல், உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 8.2 மி.கி. ஐ உச்ச எல்லையாகக் குறிப்பிட்டது. 45 கிலோ எடையுள்ள வயோதிப அம்மாவுக்கு அது 369 மி.கி.; சற்றுக் குறைத்து 360 என்று வைத்துக்கொள்வோம். தொண்டைக்கு 10 வீதத் தெளிப்பில் பத்து முறை அடித்தாலே 100 மி.கி. போய்விடுகிறது, மிஞ்சிய 260 மி.கி. என்பது 2 வீதக் கரைசலில் 13 மில்லிலீற்றர் மட்டும். மெலிந்த உடல்களைக் கொண்ட எங்கள் நோயாளிகளில் எல்லை நினைப்பதிலும் விரைவாக வந்துவிடும்.

சம்மதம் பெறும்போது, இந்தச் சோதனையால் விடை வராமலும் போகலாம், வந்தாலும் இன்னொரு சோதனை தேவைப்படலாம் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். "கட்டாயம் தெரியவரும்" என்று சொல்லிவிட்டு இரண்டு வாரத்தின் பின் "தெரியவில்லை" என்றால், அந்தக் குடும்பம் மூன்றாவது தடவை வராது.

கருவியைத் தெரிவுசெய்தல்

வழமையான பிரொங்கோஸ்கோப்பின் வெளிவிட்டம் 5 முதல் 6 மி.மீ. வரை இருப்பதால், அது பெருங்கிளைகளைத் தாண்டி அதிகதூரம் போகாது. 4 மி.மீ. அளவிலான மெல்லிய கருவியும் 3 மி.மீ. அளவிலான அதிமெல்லிய கருவியும் மேலும் உள்ளே போகும். 2015 இல் வெளியான யப்பானிய ஒப்பீட்டு ஆய்வில் அதிமெல்லிய கருவி 74 வீதத்திலும் மெல்லிய கருவி 59 வீதத்திலும் விடை தந்தது. ஆனால் அதிமெல்லிய கருவியின் வேலைத் துளை 1.7 மி.மீ. தான், 1.4 மி.மீ. ரேடியல் அல்ட்ராசவுண்ட் கம்பி (முனையைச் சுற்றியுள்ள இழையத்தை ஒலியலையால் படமாகக் காட்டுவது) அதற்குள் போகும், அதைச் சுற்றிப் போடும் வழிகாட்டி உறையோடு சேர்ந்து போகாது. ஆகவே கம்பியை வெளியே எடுத்துவிட்டுத்தான் போசெப்ஸை (துண்டைக் கடித்தெடுக்கும் இடுக்கியை) அனுப்ப வேண்டும். கருவியின் முனை அந்த இடைவெளியில் அசையாமல் நிற்பது உங்கள் கையின் பொறுப்பு. நோயாளி உள்ளே வருவதற்கு முன் எந்தத் துளைக்குள் எது போகும் என்று ஒருமுறை செலுத்திப் பாருங்கள். போசெப்ஸ் திறந்து மூடுகிறதா என்பதையும் அப்போதே பார்க்கலாம்.

மின்காந்த வழிகாட்டல், ரோபோ, சுழன்று படமெடுக்கும் கோன்-பீம் சீ.ரி. என்பவை பற்றி அதிகம் கேள்விப்படுவீர்கள். மொனார்க் ரோபோவுக்கு 2018 இலும் அயன் ரோபோவுக்கு 2019 இலும் அமெரிக்க அனுமதி கிடைத்தது. இவை கருவியை ஓரம் வரை கொண்டுபோய் அசையாமல் நிறுத்துகின்றன. ஆயினும் கணினியில் உள்ள வரைபடம், நோயாளி மூச்சை நன்றாக உள்ளிழுத்துப் பிடித்தபோது எடுத்த ஸ்கானிலிருந்து உருவானது. அவர் இப்போது மேசையில் படுத்து, சிறு மூச்சுகளோடு மயக்கத்தில் இருக்கிறார். கட்டி இருந்த இடத்தில் இப்போது இல்லை. இந்த இடைவெளியை ரோபோவும் தானாக நிரப்பிவிடுவதில்லை.

சுவாசப்பையை விரிந்தபடி வைத்திருத்தல்

மயக்க மருந்து கொடுத்து, முழு ஒட்சிசனும் கொடுத்து, ஒருவரை மல்லாக்கப் படுக்கவைத்தால், முதுகுப்புறச் சுவாசப்பைப் பகுதிகள் சில நிமிடங்களுக்குள் சுருங்கத் தொடங்குகின்றன. காற்றறைகளில் நைதரசன் இருந்தால் அது குருதிக்குள் எளிதில் போகாமல் அறையைத் தாங்கிப் பிடிக்கும்; முழுக்க ஒட்சிசனாக இருந்தால் குருதி அதை உறிஞ்ச, அறை சப்பிப்போகிறது. இதன் விளைவு இரண்டு. கட்டி இடம் பெயர்கிறது. அதைவிட மோசமாக, சுருங்கிய சுவாசப்பை ரேடியல் அல்ட்ராசவுண்டில் கட்டியைப் போலவே சாம்பல் நிறமாகத் தெரிகிறது. "உள்ளே நிற்கிறோம்" என்று எல்லோரும் மகிழ்ந்து எடுத்த துண்டுகள் வெறும் சுருங்கிய சுவாசப்பையாக வருவதன் காரணம் பல வேளைகளில் இதுதான்.

2022 இல் வெளியான வெஸ்பா ஆய்வு இதற்கு ஒரு வழியைச் சோதித்தது. வழமைபோல் மயக்கம் கொடுக்கப்பட்டவர்களில் 84 வீதமானோருக்குச் சுருக்கம் ஏற்பட்டது. திட்டமிட்ட சுவாச முறையைப் பின்பற்றியவர்களில் 29 வீதமானோருக்கு மட்டுமே. அந்த முறையில் மூச்சுப்பெருங்குழாய்க்குள் குழாய் இடப்படுகிறது. உடனே சுவாசப்பையை ஒருமுறை நன்றாக ஊதி விரிக்கிறார்கள். ஒட்சிசனை நோயாளிக்குத் தேவையான அளவுக்கு மட்டும் குறைக்கிறார்கள். மூச்சு வெளியேறும் முடிவிலும் 8 முதல் 10 செ.மீ. நீரழுத்தம் எஞ்சியிருக்கும்படி வைக்கிறார்கள். இதில் எதுவும் புதிய இயந்திரம் கேட்பதில்லை; மயக்க வைத்திய நிபுணரோடு முதல்நாளே பேசியிருக்க வேண்டும், அவ்வளவுதான். குருதியமுக்கம் குறையக்கூடியவர்களிலும் உப்பிய சுவாசப்பை உள்ளவர்களிலும் எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்பதை அவரே முடிவெடுப்பார்.

மயக்கம் கொடுக்காமல், அரைத்தூக்க மருந்தில் செய்யும் பிரிவுகளில் நோயாளி தானே மூச்சு விடுவதால் இந்தப் பிரச்சினை குறைவு. இல்லை என்று சொல்ல முடியாது. அங்கே நீங்கள் செய்யக்கூடியவை: தேவையில்லாமல் உறிஞ்சாதீர்கள், முதலில் கட்டிக்குப் போங்கள், கழுவி எடுக்கும் மாதிரிகளைக் கடைசிக்கு வையுங்கள். ஓரக் கிளைக்குள் கருவியை இறுக்கி நிறுத்தியபின் உறிஞ்சும் பொத்தானில் விரலை அழுத்தியபடி நிற்பது புதியவர்களின் பொதுவான பழக்கம். அந்தத் துண்டம் முழுவதையும் நீங்களே சுருக்குகிறீர்கள்.

கட்டிக்குள் நிற்கிறோமா?

ரேடியல் கம்பியைச் செலுத்தும்போது சாதாரண சுவாசப்பை, பனி கொட்டுவது போன்ற வெண்புள்ளிக் கூட்டமாகத் தெரியும். கட்டி வந்ததும் சாம்பல் நிறம் பரவி, ஓரத்தில் ஒரு வெண்கோடு எல்லை போடும். கம்பியைச் சுற்றி எல்லாப் பக்கமும் கட்டி இருந்தால் நடுநிலை. ஒரு பக்கத்தில் மட்டும் இருந்தால் ஓரநிலை. இதை அலட்சியம் செய்யாதீர்கள்: 2004 இல் வெளியான யப்பானிய ஆய்வில் கம்பி கட்டிக்குள் இருந்தபோது 87 வீதத்திலும், பக்கத்தில் இருந்தபோது 42 வீதத்திலும்தான் விடை கிடைத்தது. ஓரநிலை தெரிந்தால், "தெரிகிறதுதானே" என்று எடுக்கத் தொடங்காமல், கம்பியைப் பின்னிழுத்து அடுத்த நுண்கிளையை முயலுங்கள். வரைந்த படத்தை மீண்டும் பாருங்கள். எந்தக் கிளையிலும் ஓரநிலைதான் கிடைக்கிறதென்றால், கட்டி குழாய்க்கு வெளியே ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். போசெப்ஸ் குழாய்ச் சுவரையே கடித்துக்கொண்டிருக்கும். சுவரைத் துளைத்துப் போகும் ஊசியே அங்கே சரியான கருவி. அமெரிக்காவில் பல நிலையங்களின் பதிவுகளைத் தொகுத்து 2016 இல் வெளியான ஆய்வும், ஓரக் கட்டிகளில் ஊசி நல்ல பலன் தந்தபோதும் மிகச் சில வேளைகளிலேயே பாவிக்கப்பட்டது என்று காட்டியது. எங்கள் பக்கத்திலும் ஊசி பெட்டிக்குள் கிடக்கும் கருவியாக இருக்கக்கூடாது.

புளோரோஸ்கோப்பி இருந்தால், ஒரு கோணத்தில் மட்டும் பார்த்து நம்பாதீர்கள். இயந்திரத்தைச் சாய்த்து இரண்டாவது கோணத்திலும் கருவியும் கட்டியும் ஒன்றாக அசைகின்றனவா என்று பாருங்கள். கம்பியை எடுக்குமுன், கட்டியின் நடுவில் அது நிற்கும்போது கருவியின் வாயில் எவ்வளவு நீளம் உள்ளே போயிருக்கிறது என்பதை நாடாவால் அடையாளமிட்டு, போசெப்ஸிலும் அதே நீளத்தைக் குறித்துக்கொள்ளலாம்.

துண்டை எடுத்தல்

கட்டிக்குச் சற்று முன்னே போசெப்ஸைத் திறந்து, முன்தள்ளி, நோயாளி மூச்சை வெளிவிடும்போது மூடி, மென்மையாக இழுக்க வேண்டும். விழித்திருக்கும் நோயாளியிடம் முன்னரே, "ஐயா, நெஞ்சிலையோ தோள்மூட்டிலையோ குத்துற மாதிரி இருந்தா கையை உயர்த்துங்கோ, கதைக்க வேண்டாம்" என்று சொல்லிவையுங்கள். சுவாசப்பைக்கு வலி தெரியாது. வலி வந்தால் நீங்கள் சுவாசப்பையைச் சூழ்ந்த புடைச்சவ்வில் நிற்கிறீர்கள். உடனே திறந்து, பின்வாங்கி, இடம் மாற்றுங்கள்.

குறைந்தது ஐந்தாறு துண்டுகள் வேண்டும். மரபணுப் பரிசோதனைக்கும் தேவையென்றால் அதிலும் கூட. ஊசியையும் போசெப்ஸையும் பிரஷ்ஷையும் சேர்த்துப் பாவிப்பது ஒன்றை மட்டும் பாவிப்பதிலும் நல்லது. 1.1 மி.மீ. குளிர்க்கம்பி உள்ள இடங்களில் சில விநாடிகள் உறையவைத்து எடுக்கும் துண்டு பெரிதாகவும் நசுங்காமலும் வரும். குருதிக்கசிவைத் தடுக்கும் பலூன் கையில் இல்லாமல் அதைத் தொடாதீர்கள்.

கலங்களை நுணுக்குக்காட்டியில் வாசிக்கத் தெரிந்த ஒருவர் அறையிலேயே வந்து முதல் பூச்சைப் பார்ப்பாரானால் அது பெரிய வரம். இழையம் போதுமா, இடம் மாற்ற வேண்டுமா என்று உடனே தெரிந்துவிடும்.

குருதி வந்தால் கருவியை வெளியே இழுக்காதீர்கள். அந்தக் கிளையின் வாயில் முனையை இறுக்கி அடைத்தபடி சில நிமிடம் நில்லுங்கள். பெரும்பாலான கசிவுகள் அங்கேயே உறைந்துவிடும். குளிர்ந்த சேலைன் அடுத்த படி. கசிவு அதற்கும் மேலே போனால், எந்தப் பக்கம் கசிகிறதோ அந்தப் பக்கம் கீழாக நோயாளியைச் சரித்து, நல்ல பக்கத்தைக் காப்பாற்ற வேண்டும். இதை எல்லோரும் வாயால் ஒருமுறை சொல்லிப் பார்த்தபின் தொடங்குவது நல்லது.

மாதிரியைக் காப்பாற்றல்

இவ்வளவு பாடுபட்டு எடுத்த துண்டு மின்விசிறிக்குக் கீழே வீணாவதுண்டு. யாழ்ப்பாண வெயிலில், தலைக்கு மேல் விசிறி சுழலும் அறையில், கண்ணாடித் தகட்டில் பூசிய கலங்கள் சில விநாடிகளில் உலர்ந்துவிடும். மதுசாரத்தில் இட வேண்டிய தகடு உலர்ந்தபின் இடப்பட்டால் கலங்கள் ஊதிச் சிதைந்து, புற்றுநோயா இல்லையா என்று சொல்ல முடியாமல் போகும். ஆகவே 95 வீத மதுசாரம் நிறைந்த சாடியை மூடி திறந்தபடி தகட்டுக்குப் பக்கத்தில் வையுங்கள். பூசியதும் தகடு அதற்குள் விழ வேண்டும். காற்றில் உலர்த்த வேண்டிய தகடுகளைத் தனியே குறியிடுங்கள்.

துண்டுகளைப் போமலினில் (இழையத்தைப் பதப்படுத்தும் திரவத்தில்) இடுவதற்கு முன் ஒன்றிரண்டைச் சேலைனில் தனியாக இட்டுக் காசநோய்ப் பரிசோதனைக்கும் வளர்ப்புக்கும் அனுப்புங்கள். போமலினுக்குள் போன கிருமி செத்துவிடும். அதிலிருந்து எதையும் வளர்க்க முடியாது. எங்கள் நாட்டில், மண்ணிலும் நீரிலும் வாழும் பக்ரீரியாவால் வரும் மெலியோய்டோசிஸ் நோயும் காசநோய் போலவும் கட்டி போலவும் வேடமிட்டு வருவதால், வயலில் இறங்கும் சீனி வருத்தக்காரராயின் அந்தச் சந்தேகத்தைப் படிவத்தில் எழுதுங்கள்; வளர்ப்புத் தட்டைத் திறக்கும் ஆய்வுகூட ஊழியரின் பாதுகாப்புக்கும் அது தேவை. துண்டுகளை ஊசி முனையால் கிண்டி எடுக்காமல் சேலைனில் அலசி விடுங்கள். நோயியல் நிபுணருக்கான படிவத்தில் "சுவாசப்பைத் துண்டு" என்று மட்டும் எழுதாமல், கட்டியின் அளவு, இடம், புகைப்பழக்கம், முன்னைய புற்றுநோய், நடுநிலையா ஓரநிலையா என்பவற்றை எழுதினால், அவர் இருக்கும் சொற்ப இழையத்தைச் சாயங்களில் செலவழிக்காமல் மரபணுப் பரிசோதனைக்கு மிச்சம்பிடிப்பார். புகையே பிடிக்காத பெண்ணுக்கு வந்த அடினோகார்சினோமா என்ற வகைச் சுவாசப்பைப் புற்றுநோயில் அந்த மிச்சம்தான் மாத்திரை மூலமான சிகிச்சைக்கு வழி திறக்கக்கூடும்.

வீட்டுக்கு அனுப்புதல்

ஒரு மணித்தியாலத்தின் பின் எக்ஸ்றே எடுத்து, நெஞ்சறைக்குள் காற்றுக் கசிந்திருக்கிறதா என்று பாருங்கள். கசிவு மெதுவாகவும் வரலாம். நெடுந்தீவிலிருந்து வந்தவரைக் குறிகட்டுவானில் கடைசிப் படகைப் பிடிக்க ஓடவிடாமல், அன்றிரவு விடுதியில் வைத்துக்கொள்ளுங்கள்; முல்லைத்தீவிலிருந்து பேருந்தில் வந்தவருக்கும் அப்படியே. திடீர் நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், கோப்பையளவு குருதி என்பவை வந்தால் 1990 அம்பியூலன்ஸ் இலக்கத்துக்கு அழைக்க வேண்டும் என்று கூட வந்தவரிடம் சொல்லுங்கள். தொண்டை மரத்திருக்கும் இரண்டு மணித்தியாலத்துக்குத் தேநீர்கூட வேண்டாம்.

முடிவை வாசித்தல்

"புற்றுநோய்க் கலங்கள் இல்லை, குறிப்பில்லாத அழற்சி" என்று வரும் அறிக்கையே மிக ஆபத்தானது. காசநோய்க் கிருமி, பங்கசு, ஹமார்ட்டோமா (தீங்கற்ற ஒரு கட்டி) என்று பெயர் குறிப்பிட்டு வந்த நோய்தான் உண்மையான விடை. குறிப்பில்லாத அழற்சி என்பது பெரும்பாலும் நீங்கள் பக்கத்தில் நின்று எடுத்ததையே சொல்கிறது. 2024 இல் அமெரிக்க நெஞ்சுநோய் அமைப்புகள் கூடி, இத்தகைய முடிவுகளை வெற்றியாகக் கணக்கிடலாகாது என்று வரையறுத்தன. இப்படி வந்த ஒவ்வொரு நோயாளிக்கும், அறிக்கை கையில் கிடைத்த அன்றே, வெளியூசியா, மறு பிரொங்கோஸ்கோப்பியா, சில வாரங்களில் மறு ஸ்கானா என்று தேதியோடு எழுதுங்கள்.

பிரிவில் ஒரு தடித்த பதிவேட்டையும் தொடங்குங்கள். கட்டியின் அளவு, துண்டம், சுவாசக்குழாய் அடையாளம் இருந்ததா, ரேடியல் படம் நடுநிலையா ஓரநிலையா, மயக்கமா அரைத்தூக்கமா, எந்தக் கருவி, எத்தனை துண்டு, முதல் அறிக்கை, ஒரு வருடத்தின் பின் இறுதி நோய் என்று நிரல் போட்டால் போதும். கடைசி நிரல் வெறுமையாக இருக்கும் பெயர்களை மாதத்துக்கொரு முறை எடுத்து, கிளினிக் கோப்புகளோடு ஒப்பிட்டு, வராமல் விட்டவர்களுக்குத் தொலைபேசி எடுக்கும் வேலையைப் புதிதாகச் சேர்ந்தவரிடமே கொடுக்கலாம்.